மார்கழி மண்டபத்தில் ஃபுட்பால்: வாசகர் கேள்வி – பதில்

‘சீசன் முடிந்த பிறகு உங்கள் பள்ளி டீம் என்ன செய்கிறது?’ என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சேலத்திலிருந்தும் ஏற்காடு மலையிலிருந்தும்தான். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அவர்களுக்கே.

கேள்வி: ஏற்காட்டில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். குறுவட்டம், மாவட்டம் என்று எல்லாப் போட்டியும் முடிந்தது. இனி ஜூன் வரைக்கும் டீமுக்கு வேலை இல்லை. கிரவுண்டு மழையில் சேறாகிக் கிடக்கிறது, மழை விட்டால் பனிமூட்டம், பந்தே தெரிவதில்லை. பையன்களை எங்காவது உள்ளே வைத்து ஆட விடலாமா? எங்கள் ஊரில் இண்டோர் ஸ்டேடியமெல்லாம் கிடையாது.

பதில்: விடலாம் சார், கட்டாயம் விடுங்கள். இண்டோர் ஸ்டேடியம் இல்லையே என்று நினைக்க வேண்டாம், மார்கழியில் நம்ம ஊரில் எது காலியாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கல்யாண மண்டபம்! டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்தால் தை பிறக்கிற வரைக்கும் முகூர்த்தம் கிடையாது, மண்டபத்துக்காரர் வாட்ச்மேனுக்குச் சம்பளம் கொடுத்துவிட்டுச் சும்மா பூட்டி வைத்திருப்பார். அரையாண்டு லீவும் அதே நாட்களில்தான் வருகிறது. போய்ப் பேசுங்கள். கரண்ட் பில்லும் கூட்டித் துடைக்கிற கூலியும் கொடுத்தால் போதும் என்று சொல்கிற உரிமையாளர்கள் உண்டு, நானே இரண்டு மண்டபத்தில் அப்படி வாங்கியிருக்கிறேன். ஐயப்ப பூஜை, அன்னதானம் என்று சில நாள் பிடித்து வைத்திருப்பார்கள், அதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சர்ச் ஹால் என்றால் கிறிஸ்துமஸ் வரைக்கும் கேரல் ஒத்திகை இருக்கும், 26-ம் தேதிக்கு மேல் கேளுங்கள். எஸ்டேட் களம் இருக்கிறதே, சிமெண்டுத் தரை, நல்ல அகலம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அது மற்ற மாதங்களுக்குச் சரி. டிசம்பர், ஜனவரியில் அங்கே காபிப் பழம் காய்கிறது, ஒரு குடும்பத்தின் வருஷ வருமானம் பரப்பிக் கிடக்கிற இடத்தில் பந்தை உருட்டக் கூடாது.

மண்டபத்தில் எந்த இடம் என்பது முக்கியம். மேடை இருக்கிற ஹாலை விட்டுவிடுங்கள். அலங்கார விளக்கு, கண்ணாடி, மேடை விளிம்பில் முட்டி இடிப்பது, எல்லாத் தொல்லையும் அங்கேதான். பந்தி போடுகிற கூடம்தான் நமக்குச் சரி. நீளமாக இருக்கும், சுவர் வெறுமையாக இருக்கும், டேபிளை மடித்து ஒரு ஓரம் சாத்திவிடலாம், கை கழுவுகிற இடமும் பக்கத்திலேயே. கை கழுவுகிற தொட்டிப் பக்கம் மட்டும் யாரும் ஓடாதபடி சேர்களை வரிசையாகப் போட்டு அடைத்துவிடுங்கள், அங்கே தரை எப்போதும் ஈரம்.

உள்ளரங்கில் ஆடுகிற சின்னக் கால்பந்தான ஃபுட்சல் என்ற ஆட்டம் பிறந்ததும் இப்படி ஓர் இடத்தில்தான். 1930-ல் உருகுவே நாட்டின் மோன்டெவிடியோவில், ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர், ஒய்.எம்.சி.ஏ. பசங்க உள்ளரங்கில் ஆடுவதற்காக அதன் விதிகளை எழுதினார். பேரில் வருகிற ‘சல்’ என்பது ‘சலோன்’, ஸ்பானிஷில் கூடம் என்று அர்த்தம். ஃபுட்சல் என்ற பேரை அப்படியே தமிழில் சொன்னால் கூடக் கால்பந்து என்றுதான் வரும். நம்ம நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920-ல் தொடங்கியது, நம்மூர் உடற்கல்வி ஆசிரியர்கள் பலருக்கு அது தாய்வீடு மாதிரி. அதனால் இந்த ஆட்டத்தை எனக்கு அந்நியமாக நினைக்கவே முடிவதில்லை.

விதிப்படி ஃபுட்சல் கோர்ட் 25 மீட்டர் நீளமாவது 16 மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும். கோல்கீப்பரோடு சேர்த்து ஒரு பக்கம் 5 பேர். பந்திக் கூடம் பெரும்பாலும் அந்த அளவுக்கு வராது, பரவாயில்லை. மூன்றுக்கு மூன்று, மிஞ்சிப் போனால் நாலுக்கு நாலு வையுங்கள். கோல்கீப்பர் வேண்டாம், இரண்டு பிளாஸ்டிக் சேரை நடுவில் இடைவெளி விட்டுப் போட்டால் அதுதான் கோல். ஒரே ஒரு விதியை மட்டும் கறாராக வையுங்கள்: பந்து முட்டிக்கு மேலே போனால் எதிர் டீமுக்கு. டியூப் லைட்டும் தப்பிக்கும், பையன்களும் கண்ணை மூடிக்கொண்டு உதைப்பதை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கி ஆள் எங்கே நிற்கிறான் என்று பார்க்க ஆரம்பிப்பார்கள்.

பந்து முக்கியம். வெளியே ஆடுகிற 5-ம் நம்பர் பந்து டைல்ஸில் ரப்பர் பந்து மாதிரி துள்ளும். ஃபுட்சல் பந்து 4-ம் நம்பர் அளவு, சுற்றளவு 62 முதல் 64 செ.மீ., எடை 400 முதல் 440 கிராம். அளவு குறைந்தாலும் எடை ஏறக்குறைய அதேதான், துள்ளல்தான் ரொம்பக் குறைவு. 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் முதல் துள்ளல் 65 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. சேலம் கடைகளில் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். வரும் வரைக்கும் பழைய 4-ம் நம்பர் பந்தில் கொஞ்சம் காற்றை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் காலை பத்து மணிக்கு மேல் இருக்கட்டும். நாகலூர், வாழவந்தி பக்கம் போகிற பையன்களைச் சாயங்காலப் பனியில், காட்டெருமை இறங்குகிற ரோட்டில், பஸ்ஸுக்கு நிற்க வைக்க வேண்டாம்.

கேள்வி: அதே மண்டபத்தில் நாலு பள்ளிகளைக் கூப்பிட்டு, நுழைவுக் கட்டணம் வைத்து, கோப்பையோடு ஒரு டோர்னமெண்டே நடத்தலாம் என்று எங்கள் பெற்றோர் குழு சொல்கிறது. ஸ்பான்சரும் தயார். உங்கள் கருத்து? (பெற்றோர், ஃபேர்லேண்ட்ஸ், சேலம்)

பதில்: வேண்டாம்ங்க. ஆர்வத்தில் சொல்கிறீர்கள் என்று புரிகிறது, ஆனாலும் வேண்டாம்.

ஜூலையிலிருந்து இந்தப் பையன்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பாருங்கள். ஒரு மேட்ச் தோற்றால் வெளியே போக வேண்டிய நாக் அவுட், ஓரத்தில் நின்று கத்துகிற நாங்கள், மேட்ச் முடிந்து வேனில் வரும்போது யாரால் தோற்றோம் என்ற பேச்சு. அதில் ஆடுகிற பையன் தப்பு செய்யப் பயப்படுவான், தெரிந்ததை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வான். இடது காலால் ஒரு பாஸ் கொடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றினாலும் கொடுக்க மாட்டான். புதுசாக ஒன்றைச் செய்து பார்த்து, கேவலமாகத் தவறவிட்டு, சிரித்துவிட்டு, மறுபடி செய்து பார்க்கிற இடம் வருஷத்தில் எங்காவது ஓரிடம் வேண்டாமா? சீசன் இல்லாத இந்த நாலைந்து வாரம்தான் அந்த இடம். அங்கேயும் கோப்பையைக் கொண்டு போய் வைத்தால் டிசம்பரிலும் ஆகஸ்ட் மாதம்தான் நடக்கும்.

டோர்னமெண்டுக்குப் பதிலாக இதைச் செய்யுங்கள். யார் யார் எந்த டீம் என்று பையன்களே பிரித்துக்கொள்ளட்டும். ரெஃப்ரி வேண்டாம், ஃபவுல் செய்தவனே கையைத் தூக்கட்டும். முதல் இரண்டு நாள் சண்டை வரும், தலையிடாதீர்கள், மூன்றாம் நாள் அவர்களே ஒரு வழக்கத்துக்கு வந்துவிடுவார்கள். எட்டு நிமிஷம் ஓர் ஆட்டம், முடிந்ததும் டீமைக் கலைத்து மறுபடி பிரிக்க வேண்டும். ‘ஜெயித்தவன் நிற்பான், தோற்றவன் வெளியே’ என்ற தெரு வழக்கம் மட்டும் இங்கே கூடாது. அதில் நன்றாக ஆடுகிறவன் இன்னும் ஆடிக்கொண்டே இருப்பான், ஆட வேண்டியவன் சுவரோரம் உட்கார்ந்திருப்பான். கணக்கு எழுதாதீர்கள், யார் எத்தனை கோல் என்று வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும், முதலுதவிப் பெட்டியோடும் தண்ணீர்க் கேனோடும். அவர் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். முதல் வருஷம் நான் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து ‘டேய், வைட் போ, ஓரத்துக்கு விலகு’ என்று கத்திக்கொண்டிருந்தேன். வைட் போவதற்கு அங்கே இடமே இல்லை. அப்புறம்தான் செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரப் பழகினேன்.

ஸ்பான்சர் செய்யத் தயாராக இருப்பவரிடம் நாலு ஃபுட்சல் பந்தும், ஷூ இல்லாத பையன்களுக்கு ஷூவும் வாங்கித் தரச் சொல்லுங்கள். மனசார வாங்கித் தருவார்.

கேள்வி: ஒன்பதாவது படிக்கிறேன் சார். ஸ்கூல் டீமில் இருக்கிறேன், ஆனால் இந்த சீசன் முழுக்க சப்ஸ்டிடியூட்தான். மொத்தமே இருபது நிமிஷம்கூட ஆடவில்லை. லீவில் ஹாலில் ஆடினால் அடுத்த வருஷம் ஆடுகிற பதினொரு பேரில், லெவனில் வர முடியுமா? (அடிவாரம், சேலம்)

பதில்: தம்பி, உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பெஞ்சில் உட்கார்ந்து மற்றவன் ஆடுவதைப் பார்ப்பது எவ்வளவு வலி என்று எனக்கும் தெரியும், நானும் அங்கே உட்கார்ந்தவன்தான். லெவனில் வருவாயா என்று நான் உறுதி சொல்ல முடியாது, அது உன் சார் கையில் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு மாதம் உனக்குத்தான் அதிகமாக உதவும், கேப்டனைவிட.

ஏன் என்று சொல்கிறேன். பெரிய கிரவுண்டில் 22 பேருக்கு ஒரு பந்து. ஹாலில் 6 பேருக்கு ஒரு பந்து. ஓடி ஒளிய இடமில்லை, பந்து உன்னிடம் வந்தே தீரும், வந்தவுடன் ஒருத்தன் மேலே விழுவான், ஒரு நொடியில் முடிவு செய்தாக வேண்டும். வெளியே ஒரு சீசன் முழுக்க உனக்குக் கிடைக்காத பந்து இங்கே ஒரே காலையில் கிடைத்துவிடும். கூடவே, உயரமானவனும் வேகமாக ஓடுகிறவனும் ஜெயிக்கிற இடம் இது இல்லை. பத்து அடியில் எவ்வளவு வேகம் எடுத்துவிட முடியும்?

மூன்று விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள். ஒன்று, பந்தை உள்ளங்காலால் அடக்கப் பழகு. கிரவுண்டில் நாம் உள்பக்கப் பாதத்தால் நிறுத்துகிறோம், வழவழப்பான தரையில் அது ஓரடி விலகிப் போய்விடும். ஷூவின் அடியை லேசாகப் பந்தின் மேல் வைத்தால் அங்கேயே நிற்கும், அங்கிருந்து முன்னே, பின்னே, பக்கத்தில் உருட்டிக்கொள்ளலாம். இரண்டு, பந்து வருவதற்கு முன்னாலேயே ஒரு தடவை தோளுக்குப் பின்னால் பார்த்துவிடு. மூன்று, பாஸ் கொடுத்ததும் நிற்காதே, காலியான இடத்துக்கு நகர்ந்து மறுபடி கேள். இதில் மூன்றாவதுதான் கஷ்டம், பெரிய ஆட்டக்காரர்களும் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

ஃபுட்சலில் இத்தனை தடவைதான் ஆள் மாற்றலாம் என்று வரம்பு இல்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வெளியே வரலாம், மறுபடி போகலாம். சப்ஸ்டிடியூட் என்ற வார்த்தைக்கே அங்கே வேறு அர்த்தம். போய் ஆடு தம்பி. ஜூன் மாதம் எனக்கு இன்னொரு கடிதம் எழுது.

கேள்வி: மகன் பத்தாவது. மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு. இந்த நேரத்தில் ஆட்டமா என்று அவன் அப்பா கோபப்படுகிறார். போதாததற்கு ஆடிவிட்டு வந்தால் முட்டிக்குக் கீழே வலிக்கிறது என்கிறான். (அம்மா, அஸ்தம்பட்டி)

பதில்: அம்மா, முதலில் வலியைப் பார்த்துவிடலாம். இந்த வயசில் பையன்கள் ஒரே வருஷத்தில் சடாரென்று உயருவார்கள், எலும்பு நீளும் வேகத்துக்குத் தசைநார் ஈடுகொடுக்காது. முட்டிச் சில்லுக்குக் கீழே, கால் எலும்பு தொடங்குகிற மேட்டில் தொட்டால் வலி, கொஞ்சம் புடைப்பு என்றால் பெரும்பாலும் ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று டாக்டர்கள் சொல்கிற வளர்ச்சிக்கால வலிதான். குதிகாலிலும் இதே மாதிரி வருவது உண்டு. வளர்ச்சி முடிகிறபோது பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். ஆனாலும் எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, வீக்கம், நொண்டி நடப்பது எதுவாக இருந்தாலும் தள்ளிப் போடாதீர்கள். சிமெண்டும் டைல்ஸும் மண் தரையைவிடக் காலுக்குக் கடினம், அதனால் வலி குறைகிற வரைக்கும் அவன் ஹாலில் ஆட வேண்டாம். ‘வலித்தாலும் தாங்கிக்கொண்டு ஆடணும்’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

படிப்புக்கு வருகிறேன். வலி சரியானதும் வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம். அதற்கு மேல் நானே வேண்டாம் என்பேன். ஒரு மணி நேரம் வியர்க்க ஆடிவிட்டுக் குளித்துச் சாப்பிட்டு உட்கார்கிற பையனுக்குப் படிப்பு ஓடும், நாள் முழுக்க ஒரே அறையில் புத்தகத்தோடு அடைத்து வைத்தால் ஓடாது. இதை அவன் அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ஆட்டம் முடிந்து ஒன்பது மணி வரைக்கும் பேக்கரி வாசலில் நிற்பதைத்தான் கட்டுப்படுத்த வேண்டும், ஆட்டத்தை இல்லை.

கேள்வி: ஷூ கட்டாயமா? எங்கள் பையன்கள் பாதிப் பேர் வெறுங்கால்தான். (பயிற்சியாளர், கோரிமேடு)

பதில்: 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பிரான்ஸை எதிர்த்து ஆடிய நம் டீமில் பெரும்பாலானோர் வெறுங்கால்தான், 2-1 என்றுதான் தோற்றோம். அது புல்தரை. மண்டபத்தில் நாலு பேர் நெருக்கி நிற்கிற இடத்தில் ஒருத்தன் ஷூ போட்டு ஒருத்தன் போடாமல் ஆடினால் விரல் நகம் பெயரும். ஒன்று எல்லாரும் ஷூ, இல்லை எல்லாரும் வெறுங்கால். வெறும் சாக்ஸோடு ஆடவே கூடாது, வழுக்கி விழுவார்கள். அடியில் ஸ்டட்ஸ், அதாவது குமிழ், வைத்த பூட்ஸ் உள்ளே கூடாது. அடி தட்டையாக, ரப்பராக இருக்கிற ஷூவே போதும், பேட்மிண்டன் ஷூகூடச் சரி.

தரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பனிமூட்ட நாளில் மலையில் டைல்ஸ் வேர்க்கும், பார்த்தால் தெரியாது. ஆட்டத்துக்கு முன்னால் ஷூவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், கீச்சென்று சத்தம் வந்தால் ஆடலாம், சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். துடைத்தும் வேர்த்தால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது, பையன்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். இரும்பு கோல் போஸ்டை உள்ளே கொண்டு வரவே வேண்டாம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், அடியில் எடை வைக்காத போஸ்ட் சாய்ந்து ஒரு பையனின் கை விரல் நசுங்கியது. எடை வைக்கச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தேன். எழுதிக் கொடுத்ததோடு நிற்காமல் போஸ்டை நானே கயிற்றால் கட்டியிருக்க வேண்டும். இன்றைக்கும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது.

கேள்வி: டர்ஃப் (செயற்கைப் புல் மைதானம்) வாடகைக்கு எடுப்பது நல்லதா, மண்டபமா? (கல்லூரி மாணவர், ஐந்து ரோடு)

பதில்: காசு இருந்தால் டர்ஃப். காலுக்கு மெத்தென்று இருக்கும், வலை கட்டியிருப்பதால் பந்து ரோட்டுக்குப் போகாது, இரவிலும் வெளிச்சம் உண்டு. ஆனால் பந்து புல்லில் ஓடுகிற மாதிரிதான் ஓடும், தரையோடு ஒட்டி ஓடுகிற அந்த வேகமும் உள்ளங்கால் ஆட்டமும் கிடைக்காது. பள்ளிப் பையன்கள் பத்துப் பேர் வாரா வாரம் பங்கு போட்டால், பங்கு கொடுக்க முடியாதவன் மூன்றாவது வாரம் ‘எனக்கு வேலை இருக்கு’ என்று சொல்லி நின்றுவிடுவான். எனக்கு மண்டபம் பிடிப்பதற்கு அதுதான் முதல் காரணம்.

கேள்வி: எங்கள் ஸ்கூலில் பெண்கள் டீமும் இருக்கிறது. லீவில் ஹாலைப் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். கேட்டால் ‘நீங்களும் வாங்களேன்’ என்கிறார்கள், போனால் பந்து எங்களுக்கு வருவதே இல்லை. (பதினோராம் வகுப்பு மாணவி, ஏற்காடு)

பதில்: கண்ணு, உங்கள் பி.டி. சாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. சார், வாரத்தில் பாதி நாள் ஹால் பெண்களுக்கு மட்டும் என்று எழுதி வாசலில் ஒட்டிவிடுங்கள், அதுவும் காலை பத்து மணி நேரத்தையே கொடுங்கள், மிச்ச மீதி நேரத்தை இல்லை. கூட ஒரு டீச்சரோ யாராவது ஒரு பிள்ளையின் அம்மாவோ இருந்தால் வீட்டிலும் தயங்காமல் அனுப்புவார்கள். சேர்ந்து ஆடுவதும் நல்லதுதான், ஆனால் அது மூன்றாவது வாரத்தில், பெண்கள் டீம் கூப்பிட்டுப் பையன்கள் வருகிற மாதிரி இருக்கட்டும்.

கேள்வி: வார்ம் அப் அவசியமா? ஹாலில்தானே ஆடுகிறோம். (சீலநாயக்கன்பட்டி)

பதில்: சின்ன இடத்தில் நின்று திரும்பி நின்று திரும்பி ஆடுவதால் கணுக்காலும் முட்டியும் இன்னும் அதிகமாக முறுக்கப்படுகின்றன, அதனால் கூடுதல் அவசியம். ஃபிஃபா 11 ப்ளஸ் என்ற பயிற்சி வரிசை இருக்கிறது. 15 பயிற்சிகள், மூன்று பகுதி, பழகிவிட்டால் 20 நிமிஷத்தில் முடியும், காயங்கள் குறைவதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. படங்களோடு இலவசமாகவே கிடைக்கிறது. ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், குளிர் அடித்தாலும் பரவாயில்லை, பூட்டிக் கிடந்த ஹாலின் தூசி மூச்சுக்கு ஆகாது. வீசிங் இருக்கிற பையனின் இன்ஹேலர் அவன் பையில் இல்லாமல் உங்கள் கையில் இருக்கட்டும்.

கேள்வி: பொங்கலுக்கு அப்புறம் என்ன செய்வது? (ஏற்காட்டு ஆசிரியரே இரண்டாவதாகக் கேட்டது)

பதில்: போகியன்று காலை கடைசி ஆட்டம் வையுங்கள் சார். ஆடி முடித்ததும் பையன்களே சுவரில் விழுந்த பந்துத் தடத்தை ஈரத் துணியால் துடைத்து, டேபிளைப் பழையபடி விரித்துப் போட்டு, கூடத்தைக் கழுவிவிட வேண்டும். தை முதல் முகூர்த்தத்துக்கு அங்கே இலை போடுவார்கள். மண்டபத்துக்காரர் அடுத்த மார்கழிக்கும் சாவியைக் கொடுப்பார். அதற்குள் கிரவுண்டும் காய்ந்திருக்கும். முதல் வாரம் முழு மேட்ச் வைக்காமல், பாதி கிரவுண்டில் ஏழுக்கு ஏழு ஆட விட்டுப் பாருங்கள்.